வீட்டுக் குழாய் தெருக் குழாயைத் தேடி வந்த வழி

பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஆம்பூர்த் தெருவிலோ வேலூர்த் தெருவிலோ நடந்தவர்களுக்கு அந்தக் குட்டைக் குழாயைத் தெரிந்திருக்கும். வீட்டு மதிலோரம் சின்னதாக ஒரு சேம்பர். அதிலிருந்து மண்ணுக்குள் சரிந்து போகும் ஒரு பிவிசி குழாய். நடுத்தெருவில் ஓடும் பெரிய குழாயையோ பக்கத்து மேன்ஹோலையோ போய்த் தொட்டால் அதன் வேலை முடிந்தது. நீளம் பத்திருபது அடிதான். மண்ணைத் தள்ளி மூடி, மேலே சாலையும் போட்டுவிட்டால், அடைத்துக்கொள்ளும் நாள் வரை அதை யாரும் நினைப்பதில்லை.

இதே குழாய் திட்டப் பொறியாளரின் கணினித் திரையில் ஒரு சிறு கோடாக இருக்கிறது. வீட்டுக்கு ஒரு புள்ளி, தெருக் குழாய்க்கு ஒரு நீளக் கோடு, இரண்டையும் சேர்க்க ஒரு குட்டைக் கோடு. ஓர் ஊரில் இப்படிப் பல்லாயிரம் கோடுகளைக் கையால் போட்டு மாளாது என்பதால் மென்பொருளே போட்டுக்கொள்கிறது. பிறகு மனிதர்கள் உட்கார்ந்து அவற்றில் தவறானவற்றைத் திருத்துகிறார்கள். எந்த வீடு எந்தக் குழாயில் சேர்கிறது என்ற இந்தக் கேள்வி சிந்துவெளியில் பிறந்து, ரோமையும் லண்டனையும் சிகாகோவையும் சுற்றிவிட்டுத்தான் பாலாற்றங்கரைக்கு வந்தது.

சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவில் இந்தக் கேள்விக்குக் குழப்பமில்லாத பதில் இருந்தது. குளியலறைத் தண்ணீர் சுவருக்குள் செங்கல்லால் கட்டிய சரிவு வழியாக இறங்கித் தெருவோரக் கால்வாயில் விழுந்தது. சில வீடுகளில் முதலில் ஒரு பானையிலோ குழியிலோ விழுந்து, கசடு தங்கி, தெளிந்த நீர் மட்டும் வெளியே போனது. கால்வாயை மூடிய செங்கற்களை எடுத்துப் பார்க்கலாம். எந்த வீட்டு நீர் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். நம் கீழடியிலும் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. நீரை மறைவாக நடத்திச் செல்லும் வித்தை இந்த மண்ணுக்குப் பழையது.

ரோமானியர்கள் சாக்கடையைப் பெரிதாகக் கட்டினார்கள், வீடுகளை அதில் சேர்க்கவில்லை. அவர்களுடைய குளோவாகா மாக்சிமா இன்றும் நிற்கிறது. ஆனால் ரோம் நகரின் பெரும்பாலான வீடுகளுக்கு அதனோடு இணைப்பே கிடையாது. நாற்றத்தையும் எலியையும் வெள்ள நீரையும் தடுக்கும் வளைவுக் குழாய் அப்போது இல்லாததால், சாக்கடையோடு சேராத வீடே பாதுகாப்பான வீடு. சேராத கழிவுக்கு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். துணி வெளுப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் சிறுநீரை வாங்கினார்கள். கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட பேரரசர் வெஸ்பாசியன் அந்த வணிகத்துக்கே வரி போட்டார். தோல் தொழிலும் கழிவுநீரும் ஒரே கணக்கில் வந்தது அன்றே தொடங்கிவிட்டது.

அந்த வளைவுக் குழாய் வர மேலும் 1,700 ஆண்டுகள் ஆயின. 1775-ல் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளர், கழிப்பறைக்கு அடியில் எஸ் போல வளைந்த குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், நாற்றம் மேலே ஏறாது. இனிக் கழிப்பறையை வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். ஆனால் வீட்டுக் கழிவைத் தெருச் சாக்கடையில் விட லண்டனில் சட்டம் இடம் தரவில்லை. சாக்கடை மழைநீருக்கு மட்டுமே. கழிவு எல்லாம் வீட்டடியில் உள்ள மலக்குழிக்குப் போனது. 1815-ல்தான் சாக்கடையில் சேர்க்க அனுமதி கிடைத்தது.

1840-களில் அனுமதி கட்டாயமானது. 1842-ல் எட்வின் சாட்விக் எழுதிய சுகாதார அறிக்கை, குழிகளை மூடி வீடுகளைக் குழாயில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியது. 1846-ல் லாம்பெத்தில் ஹென்றி டவுல்டன் உப்பு மெருகிட்ட சுடுமண் குழாய்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். சூளை தகிக்கும்போது உப்பை வீசினால் குழாயின் மேல் கண்ணாடி போன்ற பூச்சு படியும். 1848-ல் அமைந்த பெருநகரச் சாக்கடை ஆணையம் வேக வேகமாக மலக்குழிகளை மூடிவிட்டு வீடுகளைச் சாக்கடையில் இணைத்தது. அந்தச் சாக்கடைகள் போய் விழுந்த இடம் தேம்ஸ் ஆறு. அந்த ஆற்று நீர்தான் மறுபடி குடிநீராக வீட்டுக்கு வந்தது. 1848-49 காலரா லண்டனில் சுமார் 14,000 பேரைக் கொண்டுபோனது.

அதே ஆணையம் உருப்படியான காரியம் ஒன்றும் செய்தது. எங்கே எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த வாசல் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் குழாய் போடக் கூடாது என்று உணர்ந்து ராணுவ நில அளவையாளர்களை அழைத்தது. 1848-ல் செயின்ட் பால் தேவாலயத்தின் உச்சியில் சாரம் கட்டி, அதன் மேல் கருவியை வைத்து லண்டனை அளந்தார்கள். கோண அளவை முறை நமக்கும் அந்நியமில்லை. 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்துதான் இந்தியப் பெரும் அளவையைத் தொடங்கியிருந்தார். ஒரு நாட்டை அளக்கப் பயன்பட்ட வித்தை லண்டனில் கழிப்பறை வாசல் வரை இறங்கி வந்தது.

கதையின் மையமான ஆள் அடுத்து வருகிறார். ஜான் ஸ்னோ மயக்க மருந்து மருத்துவர். காலரா தண்ணீரில் பரவுகிறது என்பது அவர் கட்சி. தென் லண்டனில் இரண்டு கம்பெனிகள் ஒரே தெருக்களில் போட்டி போட்டுக் குழாய் போட்டிருந்தன. சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனி பாட்டர்சியில் சாக்கடை கலந்த தேம்ஸ் நீரை எடுத்தது. லாம்பெத் கம்பெனி 1852-ல் ஆற்றின் மேல்பக்கம் தேம்ஸ் டிட்டனுக்கு மாறிவிட்டது. பக்கத்துப் பக்கத்து வீடுகள். ஒன்றுக்கு நல்ல நீர், மற்றதற்குக் கெட்ட நீர். எந்த வீட்டுக்கு எந்தக் கம்பெனி என்று குடியிருப்பவருக்கே பெரும்பாலும் தெரியாது. தண்ணீர்க் கட்டணம் கட்டுவது வீட்டுக்காரர்.

ஸ்னோ வீடு வீடாக ஏறி இறங்கினார். பதில் தெரியாத வீட்டில் ஒரு குப்பி தண்ணீர் வாங்கி, வெள்ளி நைட்ரேட் சேர்த்துப் பார்த்தார். கடல் ஏற்றம் எட்டும் பாட்டர்சி நீரில் உப்பு தேம்ஸ் டிட்டன் நீரைப்போலக் கிட்டத்தட்ட 40 மடங்கு. குப்பிக்குள் வெண்மையாகத் திரண்டுவிடும். உப்பு எந்தக் குழாய் என்று காட்டிக்கொடுத்தது. 1854 கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களில் சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் நீர் குடித்த 10,000 வீடுகளுக்கு 315 பேர் இறந்தார்கள். லாம்பெத் நீர் குடித்த 10,000 வீடுகளுக்கு 37 பேர். இணைப்புகளைத் திருத்திப் பதிவு செய்ததால் மட்டுமே இந்தக் கணக்கு வெளிவந்தது. தெருவை ஒட்டுமொத்தமாக எண்ணியிருந்தால் இரண்டு எண்களும் ஒன்றில் ஒன்று கரைந்து காணாமல் போயிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் சோஹோவின் பிராட் தெருவில் காலரா வெடித்தது. ஸ்னோவின் வரைபடத்தில் சாவுகள் ஒரு கைப்பம்பைச் சுற்றிக் குவிந்தன. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தக் குவியலை. ஸ்னோ கவலையோடு துருவியது குவியலில் அடங்காதவர்களை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள்; அங்கே தனிக் கிணறு. அருகிலிருந்த மதுவடிப்பாலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு விதவை இறந்துபோனார். முன்பு பிராட் தெருவில் குடியிருந்த அவர், அந்தத் தண்ணீரின் ருசிக்காகத் தினமும் வண்டியில் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்தவர். கிட்டே இருந்தவர்களுக்குத் தொடர்பில்லை, எட்ட இருந்தவருக்குத் தொடர்பு இருந்தது.

பம்பு நீர் கெட்டது எப்படி? அதைக் கண்டுபிடித்தவர் அந்தப் பகுதிப் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் கிடந்தது. துணி அலசிய நீரைத் தாய் வீட்டு மலக்குழியில் ஊற்றினார். தோண்டிப் பார்த்தபோது, வீட்டுக் கழிவு சாக்கடைக்குப் போக வேண்டிய வழியில் மோசமாகக் கட்டிய ஒரு குழி அதைத் தடுத்து நிறுத்தியிருந்தது. செங்கல் இற்றுப்போன அந்தக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே மூன்றடிகூட இல்லை. தாளில் அந்த வீட்டின் சேருமிடம் சாக்கடை. மண்ணுக்குள் சேர்ந்திருந்தது குடிகிணற்றோடு. நகர வரலாற்றில் மிகப் பேர்போன கொள்ளைநோய்களில் ஒன்று, ஒரே ஒரு வீட்டு இணைப்பின் கோளாறிலிருந்து கிளம்பியது.

1855-ல் வெளியான காலரா விசாரணைக் குழு அறிக்கையின் வரைபடத்தில் ஸ்னோ ஒரு கோடு சேர்த்தார். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பிராட் தெருப் பம்பு கிட்டம், வெளியே இருப்பவர்களுக்கு வேறு பம்பு கிட்டம். அவர் அளந்தது நேர்கோட்டுத் தூரத்தை அல்ல, தெரு வழியே நடக்கும் தூரத்தை. இதே யோசனையை வேறு காரணங்களுக்காக வேறு பலரும் கண்டடைந்தார்கள். 1850-ல் ஜெர்மனியில் டிரிச்லே எண் கோட்பாட்டுக்காக, 1908-ல் ரஷ்யப் பேரரசில் வொரொனோயும் அதற்காகவே, 1911-ல் அமெரிக்க வானிலைத் துறையின் தீசன் மழைமானிகளுக்காக. ஓரிடத்தின் மழையை மிக அருகிலுள்ள மானியோடு சேர்ப்பது தீசனின் வழி. அது பொறியியல் பாடநூல்களில் புகுந்து, அங்கிருந்து மென்பொருளுக்குள் இறங்கியது. இன்று கணினி ஒரு வீட்டை மிக அருகிலுள்ள குழாயோடு கட்டிப்போடுவது இந்த வம்சாவளி வழக்கத்தால்தான். ஸ்னோ காட்டிய நடைதூர எச்சரிக்கை மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

இதற்கிடையே குழாய்கள் கண்டம் தாண்டின. 1842 மே மாதம் ஹாம்பர்க் நகரின் நடுப்பகுதி தீயில் அழிந்தது. ரயில்பாதை போட வந்திருந்த ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் லிண்ட்லி அங்கே இருந்தார். எரிந்த தெருக்களை மறுபடி வகுக்கும்போதே அடியில் சாக்கடையும் வகுத்தார். பிறகு அவரும் மகனுமாக ஃபிராங்க்ஃபர்ட், வார்சா என்று போனார்கள். சிகாகோவுக்கு வேறு சிக்கல். ஊர் ஏரி மட்டத்தில் கிடந்ததால் குழாய்க்குச் சரிவு கிடைக்கவில்லை. எல்லிஸ் செஸ்புரோ 1855-ல் போட்ட திட்டப்படி குழாயைத் தெருவின் மேலேயே பதித்து, தெருவை மண்ணிட்டு உயர்த்தினார்கள். கட்டடங்கள் தாழ்ந்துவிட்டன. அதனால் அவற்றையும் திருகு ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். 1861-ல் டிரெமான்ட் ஹவுஸ் என்ற செங்கல் ஹோட்டலே உயர்ந்தது. குழாய் பக்கத்தில் ஓடினால் போதாது, வீடு குழாயைவிட உயரத்திலும் இருக்க வேண்டும் என்ற பாடத்துக்கு ஒரு நகரம் கொடுத்த விலை அது.

மதராஸுக்கு 1865-ல் கேப்டன் ஹெக்டர் டல்லக் ஒரு சாக்கடைத் திட்டம் எழுதினார். காகிதத்திலிருந்து அது மண்ணுக்கு இறங்கத் தாமதமாயிற்று. நகரின் குழாய்ச் சாக்கடை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருப்பெறத் தொடங்கியது. ரயில் அதற்கு முன்பே வந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. அதாவது நேரே ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் பூமியின் வாசலுக்கு. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் மதராஸ் துறைமுகம் வழியாக லண்டனுக்குக் கப்பலேறின. லண்டனில் தோல் வணிகத்தின் மையம் பெர்மாண்ட்சி. ஸ்னோவின் விசாரணை எட்டிய தென் லண்டன் பகுதிகளில் அதுவும் ஒன்று; சவுத்வார்க்-வாக்ஸ்ஹால் கம்பெனியின் உப்புத் தண்ணீரைக் குடித்த ஊர். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்கும் நம் தோல் போனது.

தோல் தொழிலின் போக்கை மாற்றியது ஒரு தற்செயல். நியூயார்க்கில் சாய வணிகத்தில் இருந்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸிடம், பெண்களின் இறுக்குக் கச்சையில் உள்ள எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். துணிக்குச் சாயம் ஏற்றும் குரோமியம் உப்பைத் தோலில் முயன்று பார்த்தார் ஷுல்ட்ஸ். 1884-ல் காப்புரிமை கிடைத்தது. 1903-வாக்கில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் மதராஸ் கலைப் பள்ளியில் குரோம் பதனிடலைச் சோதித்தார். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகச் செய்த தோலை ஊக்குவித்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் குரோமியமும் உப்பும் பெருகின. அந்தத் தண்ணீர் வாய்க்காலுக்கும் பாலாற்று மணலுக்கும் போனது.

சாக்கடைக்குக் கணக்குப் போடும் கருவி வேறொரு பாதையில் வளர்ந்துகொண்டிருந்தது. அயர்லாந்துப் பொதுப்பணி அலுவலகத்தில் 1846-ல் கணக்கராகவும் வரைவாளராகவும் சேர்ந்த ராபர்ட் மானிங், நீரியலைப் புத்தகம் படித்துத் தானே கற்றவர். சரிவு, குழாயின் சொரசொரப்பு, நீரின் ஆழம் ஆகியவற்றிலிருந்து நீரின் வேகத்தைச் சொல்லும் வாய்பாட்டை 1889-ல் வாசித்தார். ஃபிரான்சின் கௌக்லர் 1867-லேயே அதைச் சொல்லியிருந்தது மானிங் பெயருக்குத் தடையாகவில்லை. மழையிலிருந்து வெள்ளத்தைக் கணக்கிடும் எளிய முறையை 1851-ல் வெளியிட்ட தாமஸ் மல்வனியும் அதே அயர்லாந்து அலுவலகத்துக்காரர். உலகத்துச் சாக்கடைக் கணக்கின் இரண்டு தூண்கள் ஒரே அலுவலகத்திலிருந்து கிளம்பின.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக மெட்காஃப் அண்ட் எடி, புளோரிடா பல்கலைக்கழகம், வாட்டர் ரிசோர்சஸ் இன்ஜினியர்ஸ் மூவரும் சேர்ந்து 1971-ல் எஸ்டபிள்யூஎம்எம் என்ற மென்பொருளைத் தந்தபோது இந்தக் கணக்கு கணினிக்குள் ஏறியது. ஃபோர்ட்ரான் மொழி, துளையட்டைக் கணினி. மக்கள் பணத்தில் செய்ததால் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நகலெடுப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பிசிஎஸ்டபிள்யூஎம்எம், எக்ஸ்பிஎஸ்டபிள்யூஎம்எம் என்று முன்னால் சில எழுத்துகளை ஒட்டிக்கொண்டு ஒரு பட்டாளமே வந்தது. பிரிட்டனில் வாலிங்ஃபோர்டிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் தனி மென்பொருள்கள் வந்தன. கனெக்டிகட்டின் ஹேஸ்டட் மெத்தட்ஸ் கம்பெனியை 2004-ல் பென்ட்லி என்ற மென்பொருள் கம்பெனி வாங்கியது. சூவர்ஜெம்ஸ் என்ற சாக்கடை மென்பொருள் அந்தக் குடும்பம். 1980-களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் பேசிக் மொழியில் எழுதிப் பரப்பிய சிறு நிரல்களும் உண்டு. இவற்றில் பலவற்றுக்கும் அடியில் இன்னும் ஓடுவது மானிங் வாய்பாடு.

தோல் பூமியில் சாக்கடைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே ஊருக்கு அடியில் இரண்டு வகைக் கழிவுநீர்க் குழாய்கள். வேலூர் குடிமக்கள் நல அமைப்பு 1991-ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து மாவட்டங்களின் 900-க்கும் மேற்பட்ட டேனரிகளையும், பாழான சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலத்தையும் அது பதிவு செய்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டமாக்கியது. டேனரிகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும், அல்லது சொந்தமாக ஒன்று கட்ட வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். ஆம்பூரில் துத்திப்பட்டும் மாளிகைத்தோப்பும் அப்படிப்பட்ட நிலையங்கள் உள்ள இடங்கள். டேனரியின் கழிவு தொட்டியில் தெளிந்து தனிக் குழாயில் அங்கே போகும். வீட்டுக் கழிவுக்கு நகராட்சியின் பாதாளச் சாக்கடை வேறு.

இரண்டும் ஒன்றில் ஒன்று கலக்கக் கூடாது. வீட்டுக் கழிவைத் தின்று சுத்தம் செய்யும் நுண்ணுயிர்களுக்கு உப்பும் குரோமியமும் ஆகாது. கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் கழிவாக வரும் என்பது இந்தியாவில் வழக்கமான வடிவமைப்பு அளவு. ஐந்து பேர் உள்ள வீடு 540 லிட்டர். ஒரு கிலோ தோலைச் செய்து முடிக்க சுமார் 35 லிட்டர் நீர் என்று 1996 தீர்ப்பு குறிக்கிறது. அப்படியானால் 1,000 கிலோ தோல் செய்யும் ஒரு டேனரி நாளுக்கு 35,000 லிட்டர் விடும். ஏறக்குறைய 65 வீடுகளின் கழிவு. திரையில் ஒரே ஒரு கோடு தவறினால், இல்லாத 65 வீடுகள் ஒரு தெருவில் முளைக்கும்.

கோடு எப்படித் தவறுகிறது என்று ஒரு முனை வீட்டை வைத்துப் பார்க்கலாம். வாசல் பெரிய தெருவில், பின்பக்கம் ஒரு சந்து. பின்சுவரிலிருந்து சந்துக் குழாய் ஆறடி, வாசலிலிருந்து தெருக் குழாய் பதினைந்தடி. மென்பொருள் சந்தில் சேர்த்துவிடும். ஆனால் கழிப்பறை முன்பக்கம் இருக்கிறது, பிளம்பர் தெருவில்தான் சேர்த்திருக்கிறார். அல்லது சந்தில் ஓடுவது பம்ப் அடித்து அழுத்தத்தில் போகும் குழாய். அதில் வீட்டுக் குழாயைச் சேர்க்கவே முடியாது. டேனரிகளை ஒட்டிய குடியிருப்பு என்றால் கிட்டத்தில் இருப்பது டேனரிக் குழாயாகவும் இருக்கலாம். இன்னொரு வகைத் தவறு மட்டத்தில் வரும். சாலை மேல் சாலை போட்டு ஊரின் வீடுகள் தாழ்ந்துவிட்டன. சேம்பரின் அடிமட்டம் தெருக் குழாயைவிடக் கீழே கிடக்கும். திரையில் கோடு அழகாகச் சேரும், தண்ணீர் சேராது. சிகாகோ ஜாக்கி வைத்துத் தூக்கிய அதே சிக்கல்.

கண்ணுக்கே தெரியாத தவறும் உண்டு. கோட்டின் நுனி குழாயைத் தொடுவதுபோல் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி. அந்த வீட்டின் கழிவு கணக்கில் எங்கும் சேராமல் மறைந்துபோகும். திருத்துபவர் முதலில் தேடுவது இவற்றைத்தான்: எதிலும் சேராத புள்ளிகள், அழுத்தக் குழாயில் சேர்ந்த கோடுகள், மேல்நோக்கி ஏறும் இணைப்புகள், சாலையைக் குறுக்கே வெட்டி எதிர்ச்சாரிக்குப் போகும் கோடுகள். ஒவ்வொன்றையும் பிரித்து, சரியான குழாயில் மாட்டி, மட்டத்தைப் பதிந்து, கடைசியில் எல்லா வீடுகளின் கழிவையும் கூட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் அளவோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ ஒரு தவறு இன்னும் ஒளிந்திருக்கிறது.

மீதித் திருத்தம் தெருவில். கதவு எண்ணே முதல் தடை. ஒரே வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டும் எழுதியிருக்கும். சொத்துவரி ரசீதில் ஒன்று, இணைப்புப் பதிவில் மற்றொன்று. ஒரே சேம்பரில் நாலு போர்ஷன்களின் குழாய் வந்து சேரும். திரையில் அது நாலு இணைப்பு. சந்தேகம் தீர, கழிப்பறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு எந்த மேன்ஹோலில் நிறம் வருகிறது என்று பார்க்கிறார்கள். விக்டோரியா காலத்து லண்டன் பிளம்பர்கள் இதேபோல் புதினா எண்ணெயை ஊற்றி, எந்த அறையில் வாசம் வருகிறது என்று முகர்ந்து குழாய் ஓட்டையைப் பிடித்தார்கள்.

ஸ்னோவின் உப்புச் சோதனை இங்கே, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் கைக்கடக்கமான டிடிஎஸ் மீட்டராக வந்துவிட்டது. தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டு வைப்பதால், ஊறவைத்த முதல் நீர் உப்பாகவே வரும். வீட்டுச் சாக்கடையில் மீட்டர் திடீரென்று எகிறினால் எங்கோ ஒரு டேனரி இணைப்பு தவறாக நுழைந்திருக்கலாம். ஆனால் பாலாற்றுப் பகுதியில் நிலத்தடி நீரே உப்பேறிக் கிடக்கிறது. போர் தண்ணீர் புழங்கும் வீட்டின் கழிவு இயல்பாகவே உப்பாக இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீர் வரும் வீட்டின் கழிவில் உப்பு குறைவு. ஒரே தெரு, இரண்டு தண்ணீர். தென் லண்டனின் நிலைமை அப்படியே. ஆகவே இங்கே முதலில் அந்தத் தெருவின் இயல்பு அளவைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் மீட்டரை நம்ப வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? தவறான கோட்டை நம்பிச் சிறிதாகப் போட்ட குழாய் நிரம்பி வழியும், அடைத்துக்கொள்ளும். அடைத்த குழியில் மனிதரை இறக்கும் கொடுமை நம் நாட்டில் இன்னும் தீரவில்லை. 2013-ல் சட்டம் தடுத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தோல் கழிவில் ஆபத்து இன்னும் கூடுதல். தேங்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு திரளும், ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் இறந்தார்கள்.  2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

சிந்துவெளிக்காரர் செங்கல்லைத் தூக்கிப் பார்த்தார், ஸ்னோ கதவைத் தட்டிக் கேட்டார். அருகில் இருக்கும் குழாய்தான் நம் குழாய் என்று ஊகிப்பது கணினிக்கு எளிது. எது உண்மை என்று வீட்டுக்காரருக்கும் பிளம்பருக்கும்தான் தெரியும். அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கொடுக்கும் நாளில், பள்ளத்தை மூடுமுன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தத் தெருக் குழாய், எவ்வளவு ஆழம், பழைய கதவு எண், புதிய கதவு எண் எல்லாவற்றையும் சொத்துவரி ரசீதின் பின்னால் எழுதி வையுங்கள். நகராட்சியிலிருந்து கணக்கெடுக்க ஆள் வந்தால் சேம்பர் மூடியைத் திறந்து காட்டுங்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரியில் திரையில் ஒரு கோடு திருந்தும். உங்கள் தெருச் சாக்கடை வழியாமல் இருப்பதற்கு அந்தக் கோடு சரியாக இருந்தாக வேண்டும்.